கேளுங்க, எப்படி ஓடுது

ஒரு வாரமாகக் குட்டிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வயிற்றில் இடம் இருந்தால்தானே. அங்கே ஏற்கெனவே இரண்டு ரகசியங்கள் குடியிருந்தன.

முதல் ரகசியம் அண்ணனுடையது. கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் அவரைக் 'காதுக்காரர்' என்றுதான் சொல்வார்கள். தெருமுனையில் ஒரு வண்டி திரும்பும்போதே எந்த பிளக் போயிருக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுகிற மெக்கானிக். அந்தக் காது இப்போது கேட்பதில்லை. இடது காது முதலில் போயிற்று. துணைக்கு ஆள் வேண்டும் என்பதுபோல வலதும் அதன் பின்னாலேயே போயிற்று. நரம்பு தேய்ந்துவிட்டது, கருவி வைத்தாலும் பெரிய பலன் இருக்காது என்று டாக்டர் சொன்னபோது கூட இருந்தவள் குட்டிதான். யாரிடமும் சொல்லக்கூடாது என்று அண்ணன் அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். முக்கியமாக, அண்ணியிடம் சொல்லக்கூடாது.

இரண்டாவது ரகசியம் அந்த அண்ணியுடையது. வெளியூரில் ஒரு பெண்கள் விடுதியில் வார்டன் வேலைக்கு ஒப்புக்கொண்டுவிட்டாள். பை தயாராகி, குட்டியின் கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருந்தது. கத்துகிற புருஷனோடு குடித்தனம் நடத்தலாம், பதிலுக்குக் கத்தலாம், கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காத புருஷனோடு என்ன செய்ய முடியும் என்று போன வாரம் குட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அவளும் சத்தியம் வாங்கிக்கொண்டாள். முக்கியமாக, அண்ணனிடம் சொல்லக்கூடாது.

அண்ணி கிளம்புகிற நாள் இன்றுதான். சாயங்கால பஸ்.

வக்கீல் வண்டியை ஓட்டிக் காட்டுகிறேன் என்று அண்ணன் வாக்குக் கொடுத்திருந்த நாளும் இன்றுதான்.

வீடு பட்டறைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்து தெருவுக்குப் போக வேறு வழி கிடையாது, பட்டறையைத் தாண்டித்தான் போக வேண்டும். இரண்டு பக்கமும் அடுத்த கட்டடங்களின் முதுகு. சமையலறை ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் பூசாத செங்கல் சுவர். போன மழைக்காலத்தில் வக்கீலின் கறுப்பு கார் வந்து நின்றதிலிருந்து அந்த வழியும் பாதியாகிவிட்டது. உருண்டை விளக்கும் அகன்ற மட்காடுமாக, பழங்காலத்து ராணி போல அது பட்டறையை அடைத்துக்கொண்டு நின்றது. தெருவுக்குப் போக வேண்டுமென்றால் வயிற்றை எக்கிப் பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும். எத்தனை ஜாக்கிரதையாக நடந்தாலும் அண்ணியின் புடவையில் ஒரு கறை விழும்.

எஞ்சினைக் கடைசி ஆணிவரை கழற்றி, தேய்ந்ததைக் கடைந்து, போனதை மாற்றி, மறுபடி கட்டியிருந்தார் அண்ணன். எல்லாம் கைத்தடவலில். பட்டறையில் வயர், பேட்டரி, விளக்கு வேலை எல்லாம் குட்டியுடையது. ஒரு வருஷமாக அண்ணனின் காது வேலையும் அவளுடையதுதான். ஓடுகிற வண்டியில் ஏதாவது தப்பாகக் கேட்டால் அவர் கண்ணில் படும்படி முஷ்டியை மடக்கிக் காட்டுவாள். அவர் சாவகாசமாகக் குனிந்து, தானே கேட்டதுபோல, "நிறுத்து" என்பார்.

காலையில் அண்ணன் பேனட்டுக்குள் தலையை விட்டிருந்தார். குட்டி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, அவர் கை ஜாடைக்காகக் காத்திருந்தாள். அண்ணி டீ கொண்டுவந்து ஓரத்தில் வைத்தாள். வழக்கமாக வைத்துவிட்டுப் போய்விடுவாள். இன்று போகவில்லை. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

"இன்னைக்குச் சாயங்காலம் நான் கிளம்பறேன்."

அண்ணன் ஸ்பேனரை ஒரு சுற்றுத் திருப்பினார்.

"வெளியூர்ல வேலை கிடைச்சிருக்கு, ஒத்துக்கிட்டேன். சொல்லாம போயிட்டான்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது. அதான் சொல்றேன்."

அண்ணன் தலையை எடுக்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டினார். "பதிமூணாம் நம்பர் எடு, குட்டி."

அண்ணி அந்த நீட்டிய கையைப் பார்த்தாள். அப்புறம் காரின் கண்ணாடி வழியாகக் குட்டியைப் பார்த்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை. ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்து விடை சரிதான் என்று தெரிந்துகொண்டவளின் முகம்.

"செவிடன் காதுல ஊதின சங்குதான்," என்றாள். "நானும் இத்தனை நாள் மூச்சைப் பிடிச்சு ஊதியிருக்கேன் பாரு."

 அண்ணி அதைப் பழமொழி என்று நினைத்துச் சொல்கிறாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அது அண்ணனுடைய வார்த்தை. குட்டி இறங்கி அண்ணியின் பின்னாலேயே சமையலறைக்குப் போனாள். ஒரே ஒரு நாள் தள்ளிப்போட முடியாதா என்று கேட்டாள்.

"அவர் கேக்கச் சொன்னாரா?"

"இல்ல, அண்ணி."

"அப்புறம் நீ எதுக்குக் கேக்கற?"

  அண்ணி பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்க்க ஆரம்பித்தாள். நாளைக்கு யார் எடுத்தாலும் கைக்குக் கிடைக்கும்படி ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்தாள்.

குட்டி திரும்பி வந்து அண்ணன் எதிரே போய் நின்றாள், அவர் தன் உதடுகளைப் பார்க்கும்படி. "அண்ணி ஏதோ சொன்னாங்க, என்னன்னு நீங்களே போய்க் கேளுங்க," என்றாள்.

அண்ணன் சிரித்தார். "நான் கேட்டுடலாம், குட்டி. அவ பதில் சொன்னா அது எனக்குக் கேக்கணுமே."

பிறகு துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, அவளே எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார். இந்த வண்டி ஓடிவிட்டால் இன்று ராத்திரியே அண்ணியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறாராம். காது போன பிறகு முழுசாக ஒரு எஞ்சினைக் கட்டியிருக்கிறேன் என்று காட்டிவிட்டுச் சொன்னால் அவள் பாவம் பார்க்க மாட்டாள். வெறும் செவிடனாகப் போய் நிற்பது வேறு, இது வேறு.

குட்டி தலையை ஆட்டினாள். ராத்திரி என்று ஒன்று வரும்போது அண்ணி பஸ்ஸில் இருப்பாள். அதைச் சொல்லவும் அவளுக்கு வாய் இல்லை. வண்டி சீக்கிரம் ஓடிவிட்டால் ராத்திரியும் சீக்கிரம் வந்துவிடாதா என்ற பைத்தியக்கார நினைப்பில் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

வண்டி ஓடவில்லை.

செல்ஃப் நன்றாக அடித்தது. எஞ்சின் லேசாகச் சுழன்றது. பிளக்கில் பொறி இருந்தது, பெட்ரோல் வந்தது. ஆனால் பற்றவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு இருமல் இருமியது. அடுத்த முறை கார்புரேட்டர் வழியாகத் திருப்பித் துப்பி, பட்டறையே அதிரும்படி வெடித்தது. பக்கத்துக் கட்டடத்தில் யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள். அண்ணனுக்கு அது காற்றாக முகத்தில் அடித்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

மத்தியானம் வரை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். கடைசியில் அண்ணன் முதல் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் கட்டை விரலை வைத்துக்கொண்டு எஞ்சினைக் கையால் சுற்றச் சொன்னார். காற்று விரலைத் தள்ளுகிற இடத்தில் நிறுத்தினார். பொறியைப் பங்கிட்டு அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து பார்த்தார். அதன் முள் நேர் எதிர்ப்பக்கம் காட்டிக்கொண்டிருந்தது. அரைச் சுற்று மாற்றிப் பூட்டியிருக்கிறார். பொறி வர வேண்டிய நேரத்தில் வராமல், எல்லாம் முடிந்த பிறகு வந்துகொண்டிருந்தது.

"நானே பூட்டினதுதான்," என்றார். தலையில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார்.

அதைச் சரிசெய்தாயிற்று. கார்புரேட்டரை மறுபடி இறுக்கும்போது அதைப் பிடிக்கிற திருகாணி ஒன்று புரி தேய்ந்து கையோடு வந்துவிட்டது. பழைய வண்டி, கடையில் கிடைக்காது. லேத்தில்தான் கடைந்து வாங்க வேண்டும். குட்டி வயிற்றை எக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

லேத் கடை அதே தெருவின் கோடியில். லேத்காரர் போன வருஷமே குட்டியைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருந்தார், அவளிடமே நேராக. அவளுக்கும் சம்மதம்தான். வீட்டில் அண்ணிக்கு மட்டும் இது தெரியும். ஆனால் அண்ணனுக்குக் காதாக இருக்கிறவள் எங்கே போவது? காரணத்தைச் சொல்லவும் முடியாது. 'கொஞ்ச நாள் போகட்டும்' என்றே ஓட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்று அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

இன்று அவர் தேய்ந்த திருகாணியை வாங்கி அளவெடுத்து, ஒரு கம்பியை மாட்டிக் கடைய ஆரம்பித்தார். சுருள் சுருளாக இரும்புச் சீவல் விழுந்தது. மெஷினைப் பார்த்தபடியே பேசினார். அவருடைய அக்கா வேறொரு இடம் பார்த்திருக்கிறாளாம். பெண் வீட்டார் இன்று சாயங்காலம் வருகிறார்களாம், பேசி முடிக்க.

"என்ன சொல்லட்டும்?" என்று கேட்டார்.

குட்டி அந்தச் சீவலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவரிடமாவது சொல்லிவிடலாமா? சொன்னால் இன்னும் பொறுத்துக்கொள்வார். எத்தனை வருஷம்? அண்ணன் இருக்கும்வரை என்றா?

"சரின்னே சொல்லிடுங்க."

அவர் மெஷினை நிறுத்தினார். திருகாணியைத் துணியில் துடைத்து, சூடு ஆறட்டும் என்று சற்று வைத்திருந்து, அவள் உள்ளங்கையில் வைத்தார்.  திரும்பி வரும் வழியில் குட்டிக்குத் தெரு கண்ணுக்குத் தெரியவில்லை. அழுதால் அண்ணன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். காது போனதிலிருந்து அவருக்குக் கண் ரொம்பக் கூர்மை. அதனால் அதையும் விழுங்கினாள்.

வக்கீல் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். வயசானவர். உதடு தெரியாத அளவுக்கு அடர்ந்த வெள்ளை மீசை. அவருடைய அப்பா ஓட்டிய கார் இது. காதுக்காரர் கையில் கொடுத்திருக்கிறேன், இனி கவலை இல்லை என்று நண்பர்களிடமெல்லாம் பெருமை அடித்திருந்தார். ஸ்டூலில் உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. கைத்தடியை ஊன்றிக்கொண்டு வண்டியைச் சுற்றிப் பார்க்க முயன்று, சுவருக்கும் மட்காடுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

வீட்டு வாசல்படியில் அண்ணி நின்றாள். வெளியே போகிற புடவை, தோளில் பை. டாக்ஸிக்குச் சொல்லியாயிற்று. வழியில் வக்கீலும் அண்ணனும் நிற்கிறார்கள், விலகினால் போகலாம் என்று காத்திருந்தாள்.

அண்ணன் எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு குட்டிக்குத் தலையசைத்தார்.

அவள் செல்ஃபை அழுத்தினாள். எஞ்சின் இரண்டு சுற்று இழுத்தது. பிடித்துக்கொண்டது.

முதலில் கொஞ்சம் தடுமாறியது, அப்புறம் சீராக ஓடியது. கறுப்புத் தகரம் முழுவதும் லேசாக நடுங்கியது. அண்ணனின் உள்ளங்கை வழியாக அது அவர் முகம்வரை ஏறியதைக் குட்டி பார்த்தாள். அவர் கண் கலங்கிவிட்டது. கையை எடுத்து, சட்டையில் துடைத்துக்கொண்டு, வக்கீலின் கையைப் பிடித்துக் குலுக்கப் போனார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் ஆரம்பித்தது.

அடியாழத்திலிருந்து, டொக், டொக், டொக். யாரோ உள்ளே மாட்டிக்கொண்டு சுத்தியலால் தட்டுவது போல. எஞ்சினின் அடியில் சுழல்கிற தண்டில் ஏதோ ஒரு பேரிங் பிடி விட்டுவிட்டது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் அடி. குட்டி முஷ்டியைத் தூக்கிக் காட்டினாள். அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. வக்கீலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கேளுங்க, எப்படி ஓடுது," என்றார். "தையல் மெஷின் மாதிரி."

டொக், டொக், டொக்.

வாசல்படியில் அண்ணி எஞ்சினைப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எஞ்சின்களுக்குப் பின்னால் சமைத்தவள், பால் பொங்குகிற சத்தம் மாதிரி இந்தத் தட்டலும் அவளுக்குத் தெரியும். புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவர் சமாளிக்கவில்லை. வேஷம் போடவில்லை. நிஜமாகவே சந்தோஷமாக இருந்தார்.

குட்டி சாவியைத் திருப்பினாள். பட்டறை அமைதியாயிற்று. அண்ணன் இன்னும் பேசிக்கொண்டிருந்தார், இந்த எஞ்சின் இன்னும் நாற்பது வருஷம் ஓடும் என்று. எல்லோர் முகத்தையும் பார்த்த பிறகுதான் அவர் கை எஞ்சினைத் தொட்டது. அது நின்றுபோயிருந்தது.

"தம்பி, உள்ள ஏதோ தட்டுதே," என்றார் வக்கீல்.

மீசை அசைந்ததே தவிர உதடு தெரியவில்லை. அண்ணன் அந்த மீசையை உற்றுப் பார்த்தார்.

"ஆமாங்க, ரொம்ப சந்தோஷம்," என்றார்.

வக்கீலின் புருவம் ஏறியது. இன்னும் ஒரு கேள்வி வந்தால் அவ்வளவுதான்.  அந்த நேரத்தில் அண்ணி தோளில் பையோடு முன்னால் வந்தாள்.

"உங்களைப் பார்த்த சந்தோஷம் அவருக்கு, தலைகால் புரியல," என்றாள். "எஞ்சினைப் புதுசா கட்டினா முதல் தடவை ஏதாவது ஒண்ணு தட்டும், ஐயா. அதுக்குத்தான் இவ நிறுத்தினா. நாளைக்குப் பகல்ல வாங்க. அவரே கூட உட்கார்ந்து ஓட்டிக் காட்டுவார்."

 வக்கீல் அரைமனதாகத் தலையாட்டிவிட்டு, காரை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். அண்ணனைக் காப்பாற்ற அண்ணியே பொய் சொல்லியிருக்கிறாள் என்று புரிய குட்டிக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அண்ணனின் ரகசியத்துக்குள் இப்போது மூன்று பேர்.

என்ன தப்பு என்று தெரியாமல் அண்ணன் மறுபடி எஞ்சின்மேல் குனிந்துவிட்டார். அண்ணி அவர் பின்னால் போய் நின்றாள்.

"ஏங்க," என்றாள் மெதுவாக. அப்புறம் கொஞ்சம் சத்தமாக. அப்புறம், சாதாரணக் குரலில், ஊர்ச் செய்தி சொல்வது போல, "உங்க சட்டையில தீப்பிடிச்சிருக்கு," என்றாள்.

அண்ணன் ஒரு பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

குட்டி முகத்தை மூடிக்கொண்டாள். அண்ணி சுற்றிக்கொண்டு போய் அவர் எதிரே நின்றாள்.

"எத்தனை நாளா?"

அண்ணன் அவளைப் பார்த்தார், தோளில் இருந்த பையைப் பார்த்தார், பிறகு குட்டியைப் பார்த்தார். "சொல்லிட்டியா?"

"அவ சொல்லல. நீங்கதான் சொன்னீங்க. தையல் மெஷின்னு."

அதற்குப் பிறகு அண்ணி நிறையப் பேசினாள். இத்தனை நாளாகச் சேர்த்துவைத்தது எல்லாம் ஒன்றாக வந்தது. சமையலறையிலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் கட்டிய நாட்கள், காய்ச்சலில் தண்ணீர் கேட்டும் வராத ராத்திரி, இந்த வீட்டில் தான் இருக்கிறோமா இல்லையா என்று சந்தேகம் வந்து கண்ணாடியில் போய்ப் பார்த்துக்கொண்டது. வார்த்தை வேகமாக வர வர, அண்ணனின் கண் அவள் உதட்டின் பின்னால் ஓடியது, பிடிக்க முடியாமல் தவித்தது.

"மெதுவா சொல்லு," என்றார். "எனக்குப் புரியல."

அண்ணி நிறுத்தினாள். மறுபடி ஆரம்பித்தாள், ஒவ்வொரு வார்த்தையாக. மெதுவாகச் சொல்லச் சொல்ல அந்தக் கோபம் வேறு ஏதோ ஆகிக்கொண்டு வந்தது. தண்ணீர் கேட்ட ராத்திரிக்கு வந்தபோது அவளால் சொல்ல முடியவில்லை. 'தண்ணி' என்று மட்டும் உதட்டை அசைத்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"பாவம்னு பார்ப்ப. அதுக்கு நீ கோபமா இருக்கறதே மேல்னு நினைச்சேன்."

"நினைச்சீங்க. நான் எப்படி இருக்கணும்னு நீங்களே நினைச்சு, நீங்களே முடிவு பண்ணிட்டீங்க." பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நான் கிளம்பறேன்னு காலைல உங்ககிட்ட சொன்னேன். என்ன பதில் சொன்னீங்க தெரியுமா?"

அவர் தலையசைத்தார், தெரியாது என்று.

"பதிமூணாம் நம்பர் எடுன்னீங்க."

அண்ணன் மட்காடைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணி குட்டியின் பக்கம் திரும்பினாள். திட்டப்போகிறாள் என்று குட்டி நினைத்தாள். வாங்கிக்கொள்ளத் தயாராகவும் இருந்தாள். இரண்டு பேருக்கும் உண்மையாக இருந்து இரண்டு பேரையும் ஏமாற்றியவள்தானே. ஆனால் அண்ணி திட்டவில்லை.

"லேத்காரரை நீ ஏன் இழுத்தடிக்கறன்னு இப்பதான் புரியுது," என்றாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, அதையே அவருக்கும் தெரியும்படி மறுபடி சொன்னாள். "உங்களுக்குக் காதா இருந்து இருந்து, இவ கல்யாணத்தையே தள்ளிப் போட்டுக்கிட்டிருக்கா. நான் இருந்தாலும் சரி, போனாலும் சரி, இவளை விடுங்க."

அண்ணனுக்கு அந்தச் செய்தி புதிது. குட்டியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

தெருவில் டாக்ஸி வந்து ஹாரன் அடித்தது. மூன்று பேரில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் திரும்பியதைப் பார்த்து அண்ணனும் திரும்பினார்.

போகாதே என்று அவர் சொல்வார் என்று குட்டி காத்திருந்தாள். அவர் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். சுவருக்கும் காருக்கும் நடுவில், பையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, பக்கவாட்டில். பின்னால் அண்ணி. டாக்ஸிக்குள் பையை வைத்த பிறகு கேட்டார், கோபமாகத்தான் போகிறாளா என்று.

"கோபத்துலதான் கிளம்பினேன். இப்ப தெரியல," என்றாள் அண்ணி. "ஆனா இன்னைக்கு நின்னேன்னா பாவம்னு நின்ன மாதிரிதான் ஆகும். அதுதானே உங்களுக்கு வேணாம்."

அவருடைய வார்த்தையே அவரைக் கட்டிப்போட்டது. 

"போயிட்டு வா," என்றார்.

அதற்கு 'வரேன்' என்று ஒரு பதில் உண்டு. கடைக்குப் போகிறவர்கள்கூடச் சொல்லிவிட்டுப் போகிற பதில். அண்ணி அவர் முகத்தைப் பார்த்தாள். உதடு பிரிந்தது, ஆனால் அதில் வார்த்தை எதுவும் இல்லை. டாக்ஸி நகர்ந்தது. அவள் உதட்டைப் பார்த்தபடியே அண்ணன் நாலடி கூடவே நடந்து, நின்றுவிட்டார்.

உள்ளே வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். விரல் இடுக்கெல்லாம் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். குட்டி பேரிங்கைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். எஞ்சினை மறுபடி இறக்க வேண்டும், வக்கீல் நாளைக்கு வந்துவிடுவார். அவர் அவள் உதட்டைப் பார்க்கவே இல்லை. உள்ளே போய்ச் சலவைச் சட்டை ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தார். லேத்காரர் எப்போது கேட்டார் என்று மட்டும் கேட்டார்.

"போன வருஷம்."

"உனக்கு இஷ்டமா?"

பொய் சொல்லியிருக்க வேண்டும். இன்றைக்கு விழுங்க அவளுக்கு இனி இடமில்லை. தலை தானாக அசைந்துவிட்டது.

"ஒரு வருஷமா ஒரு மனுஷன் காத்துக்கிட்டிருக்கான்," என்றார் அண்ணன். "நான் போய் அவன்கிட்ட பேசிட்டு வரேன். இதாவது இன்னைக்கே முடியட்டும்."

அவள் சட்டையைப் பிடிப்பதற்குள் காரின் மறுபக்கம் போய்விட்டார். பழகிய உடம்பு, இடுக்கில் சட்டென்று நுழைந்து வெளியேறியது. குட்டி பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு வந்தாள். கதவின் கைப்பிடி இடுப்பில் இடித்தது. துப்பட்டா பம்பரில் மாட்டிக்கொண்டது. அதை இழுத்து விடுவித்துத் தெருவுக்கு வந்தபோது அண்ணன் பாதித் தூரம் போயிருந்தார், நிமிர்ந்து, வேகமாக.

தெருக்கோடியில் லேத் கடை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாசலில் இவள் பார்த்திராத ஒரு கார் நின்றது. அதற்குள்ளிருந்து பட்டுப் புடவை கட்டிய இரண்டு பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். லேத்காரரின் அக்கா கையைப் பிடித்து அவர்களை உள்ளே அழைத்தாள்.

"அண்ணா," என்று கூப்பிட்டாள் குட்டி.

தெருவில் போய்க்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மட்டும் நடந்துகொண்டே இருந்தார்.

கால் செருப்பை அங்கேயே விட்டுவிட்டு அவள் ஓட ஆரம்பித்தாள்.